விளையாட்டுக் காமிரா

பாரதியார் புதுவையை விட்டு வந்தபின், 1918 முதல் 1920 வரை, தம் மனைவியார் செல்லம்மாள் பிறந்த கடையத்தில் வாழ்ந்தார். அவர் உருவைக் காட்டும் நிழற்படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, 1919-ஆம் ஆண்டு காரைக்குடிக்குச் சென்றிருந்தபோது எடுக்கப்பெற்றது. அந்நாளில் நம்மவர்க்குக் காமிரா எட்டாப் பொருள். மேலைநாட்டிலோ 1900-ஆம் ஆண்டிலேயே கோடக் நிறுவனத்தார் அட்டைப்பெட்டியால் ஆகிய பிரௌனி காமிராவை ஒரு டாலர் விலைக்கு விற்கத் தொடங்கிவிட்டனர்.

அம்மரபில் வந்ததே 1982-இல் ஹாங்காங்கில் தோன்றிய ஹோல்கா. அதன் உடலும் பிளாஸ்டிக். கண்ணாய் விளங்கும் வில்லையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. அதனால் படத்தின் நடுவிடம் தெளிவாகவும், ஓரங்கள் மங்கியும், மூலைகள் இருண்டும் காணப்படும். மூடியின் இடுக்கு வழியே வெளிச்சம் புகுந்து படத்தில் கோடு கிழிப்பதும் உண்டு. கறுப்பு நாடா ஒட்டி அதனை அடைப்பர். வெயிலுக்கு ஒன்று, மேகத்திற்கு ஒன்று என இருநிலைத் திருப்பி ஒன்றும் இதில் உண்டு. ஆயின் பழைய ஹோல்காக்களில் அதனை எப்பக்கம் திருப்பினும் பயன் ஒன்றே! இக்குறைகளையே விரும்பி இதனை வாங்குவோர் இன்று உளர் என்பது வியப்பே.

தொலைவைக் குறிக்க எண்கள் இல்லை. ஒருவர், மூவர், கூட்டம், மலை என நான்கு சிறு சித்திரங்களே உள்ளன. கடையத்தில் நிற்பவனுக்கு மலைச்சித்திரமே முதலில் வேண்டுவது. மேற்கே மலைத்தொடர் ஓங்கி நிற்றலின், காலையில் கதிரவனை முதுகுப்புறம் கொண்டு நின்றால் மலை ஒளியுற்று விளங்கும். மாலையில் அது கருநிழலாகிவிடும். சாரற்காலத்து மங்கிய வெளிச்சத்திற்கு, வெளிச்சத்தை விரைந்து ஏற்கும் 400-ஆம் எண் படச்சுருளே ஏற்றது.

ஒரு சுருளில் பன்னிரண்டே சதுரப் படங்கள். எடுத்ததை உடனே பார்த்தல் இயலாது. ஒவ்வொரு படத்திற்குப் பின்னும், முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தில் அடுத்த எண் தோன்றும்வரை சுருளைச் சுற்றுதல் வேண்டும். மறந்தால் கருவி தடுக்காது. மலையை எடுத்தவன் சுற்ற மறந்து, திண்ணையில் அமர்ந்த தன் பாட்டியை எடுப்பானாயின், சுருளைக் கழுவும் நாளில் இரண்டும் ஒரே படத்தில் கலந்திருக்கும். முதலில் அவன் வருந்தவே செய்வான். ஆயினும் மலை தன் தோள்மேல் படிந்திருக்கும் அப்படத்தையே பாட்டி சட்டமிட்டு மாட்டச் சொன்னாலும் சொல்வாள்.