நிற்காமல் வளரும் பல்: வன்னியில் முயல் வளர்ப்போர் அறியவேண்டியது

முயல் அகத்தி இலையை மணந்து பார்க்கும். வாயருகே எடுக்கும். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு கூண்டின் மூலைக்குப் போய்விடும். பசி இருக்கிறது, கடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டு வெள்ளை முயல் இப்படிச் செய்யத் தொடங்கியபோது, வெக்கைக்குச் சாப்பாடு குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். சில நாட்களில் அதன் நாடிக்குக் கீழே மயிர் எச்சிலால் நனைந்து ஒட்டிக் கிடந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தால், கீழ் முன்பற்கள் மேற்பற்களைத் தாண்டி வெளியே நீண்டு நின்றன. அது நடந்து மூன்று வருடங்களாகின்றன. முயல் இப்போதும் இருக்கிறது, அந்த நோயும் கூடவே இருக்கிறது.

வன்னியில் முயல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காட்டு முயல்தான். பற்றைக்குள்ளிருந்து பாய்ந்து ஓடும் அந்த முயல் வேறு, கூண்டில் வளரும் முயல் வேறு. வளர்ப்பு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவை வளை தோண்டி, கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டிகளை ஈனும். காட்டு முயலின் குட்டியோ பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் பல் ஒன்றுபோலத்தான் அமைந்திருக்கிறது. எல்லாமாக 28 பற்கள். முன்னால் தெரிபவை போக, மேல் முன்பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சின்னப் பற்கள் ஒளிந்திருக்கும். உள்ளே கடைவாய்ப்பற்கள் 22. இந்த 28 பற்களும் சாகும்வரை வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை நீளும்.

வளர்வது நோயல்ல. புல்லில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. முயல் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அதை மணிக்கணக்காக அரைக்கும்போது, வளர்ந்த அளவு தேய்ந்துவிடும். காட்டு முயலுக்கு நாள் முழுக்க இதே வேலைதான். வீட்டு முயலுக்கு நாங்கள் பாண் துண்டும் பிஸ்கட்டும் கரட்டும் கோழித் தீவனமும் கொடுக்கிறோம். அவை நாலு கடியில் முடிந்துவிடும். வயிறு நிறைகிறது, பல் தேய்வதில்லை. (கோழித் தீவனத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கோழிகளுக்கு வரும் இரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கப்படும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.) வெயிலே படாத கொட்டிலில் வளர்வதால் விற்றமின் டி குறைந்து, தாடை எலும்பு பலவீனமாவதையும் ஒரு காரணமாகச் சொல்லும் மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். சில முயல்களுக்குப் பிறவியிலேயே தாடை பொருந்தாது, குட்டை முக இனங்களில் இது அதிகம். அப்படிப்பட்ட முயலைக் குட்டி ஈனவிடக் கூடாது. குறை பரம்பரையாக இறங்கும்.

முன்பல் பிழைத்தால் கண்ணுக்குத் தெரியும். கடைவாய்ப்பல் பிழைத்தால் தெரியாது, அதுதான் மோசமானது. மேல் கடைவாய்ப்பற்களின் ஓரம் கூர்முனையாகிக் கன்னத்தைக் குத்தும், கீழ்ப்பற்களின் முனை நாக்கை வெட்டும். பல் மேலே வளர இடமில்லாதபோது வேர்ப்பக்கம் நீளும். மேல்தாடையில் அது கண்ணீர்க் குழாயை நெரிப்பதால் ஒரு கண் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும். பலர் இதைக் கண் நோய் என்று நினைத்துச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். கீழ்த்தாடையில் வேர் நீண்டால் எலும்பின் அடியில் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். அங்கே சீழ் பிடித்தால் பற்பசை போலத் தடித்திருக்கும், கீறிவிட்டாலும் இலகுவில் வடியாது.

இதில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பல் அல்ல, குடல். முயலின் குடல் இடைவிடாமல் ஓடவேண்டும், நார் உள்ளே போகாவிட்டால் அது நின்றுவிடும். வாந்தியெடுக்கவும் முயலால் முடியாது. பன்னிரண்டு மணித்தியாலம் எதுவும் தின்னவில்லை, புழுக்கை விழவில்லை என்றால் அது அவசர நிலை. நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

அவசரத்தில் நம்மவர்கள் செய்யும் இரண்டு காரியங்கள் முயலைக் கொன்றுவிடும். ஒன்று, பார்மசியில் அமொக்ஸிசிலின் வாங்கி வாயால் கொடுப்பது. மனிதருக்கும் நாய்க்கும் பழக்கமான மருந்துதான். ஆனால் முயலின் குடலில் உள்ள நல்ல பக்ரீரியாக்களை அது அழித்து, நஞ்சு சுரக்கும் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். முயலுக்குப் பாதுகாப்பான நுண்ணுயிர்க்கொல்லிகள் வேறு இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். மற்றது, நகவெட்டியால் பல்லை வெட்டுவது. பார்க்க இலகுவாகத்தான் இருக்கும். பல் நீளவாக்கில் வெடித்து, வேர்வரை பிளந்து, அதன்வழியே கிருமி இறங்கும். நாங்களும் ஒருமுறை வெட்டினோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

சரியான முறை சுழலும் சிறு அரத்தால் தேய்ப்பது. முன்பல் என்றால் மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தேவைப்படும். கடைவாய்ப்பல் என்றால் மயக்கமருந்து கொடுத்துத்தான் செய்யலாம், எக்ஸ்ரேயும் வேண்டும். திரும்பத் திரும்ப வளைந்து வளரும் முன்பற்களை முற்றாகப் பிடுங்கிவிடுவதும் உண்டு. முன்பல் இல்லாத முயல், நறுக்கிய புல்லை உதட்டால் அள்ளிக் கடைவாயில் அரைத்துத் தின்று நன்றாகவே வாழும்.

எங்கே செய்வது என்பதுதான் வன்னிக்காரரின் கேள்வி. எங்கள் பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழியைச் சுற்றியே இயங்குகின்றன. வாழ்வாதாரம் அவற்றில்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் முதலில் அங்கே போங்கள். வலி மருந்தும், எங்கே அனுப்பலாம் என்ற ஆலோசனையும் கிடைக்கும். நாட்டின் கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். போவதென்றால் விடியப்புறம் வெளிக்கிடுங்கள். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் முயல் தாங்காது. பெட்டிக்குள் புல்லும், துணி சுற்றிய குளிர்தண்ணீர்ப் போத்தலும் வையுங்கள். மயக்கமருந்துக்கு முன் முயலைப் பட்டினி போடத் தேவையில்லை.

மற்றதெல்லாம் வீட்டில்தான். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, கலண்டரில் எழுதுங்கள். முகத்தில் தெரியும் முன்பே நிறை சொல்லிவிடும். புழுக்கை சிறுத்தால் அதையும் எழுதுங்கள். பின்பக்கத்தைத் தினமும் பாருங்கள். வாய் நோகும் முயல் தன்னைத் துப்புரவாக்காது, எங்கள் வெயிலுக்கு இலையான் மொய்த்துப் புழு வைக்க ஒரு நாள் போதும்.

சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். கினியாப்புல் குளக்கட்டிலும் வீதியோரத்திலும் தாராளமாக நிற்கிறது. மாட்டுக்கு நடும் கோ-3 புல்லும் நல்லது. (அந்தக் 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கிறது, அங்கே உருவான இனம்.) வயல் வரம்பில் அறுக்கும்போது மட்டும் களைநாசினி அடித்த இடமா என்று கேட்டுவிட்டு அறுங்கள். கச்சான் காற்றில் எல்லாம் கருகும் மாதங்களுக்காக, மாரி முடிந்ததும் புல்லை வெட்டி நிழலில் உலர்த்தி உரப்பையில் கட்டி வைக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு பை எப்போதும் இருக்கும்.

வாய் நோகும் நாட்களில் புல்லை விரலளவு நறுக்கிக் கொடுக்கிறோம். அதுவும் முடியாவிட்டால் கீரையைத் தண்ணீர்விட்டு அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குவோம். மல்லாத்திப் பிடித்துப் பருக்கினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு ஊதிக் கல்லுப்போல் இருந்தால் எதுவும் பருக்காமல் வைத்தியரிடம் ஓடவேண்டும்.

ஒரு முயலுக்கு ஏன் இவ்வளவு என்று அயலில் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. வேர்கள் அழுகி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இடைவெளி குறுகி, வலி மருந்துக்கும் தின்னாத நிலை வந்தால் வலியில்லாமல் போகவிடுவதைப் பற்றியும் வைத்தியரோடு பேசத்தான் வேண்டும். எங்கள் முயல் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. இந்தக் கிழமை நிறை 2 கிலோ 140 கிராம். போன கிழமையைவிட 20 கிராம் கூட.