மூட்டு வெறும் எந்திரமா?

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல்லை அரைத்துச் சிமெண்ட் செய்கிறார்கள். அரைக்கும் எந்திரத்தின் உறுப்புத் தேய்ந்தால் புதியதை மாற்றிவிடலாம். பாட்டியின் முழங்கால் வலியையும் 'தேய்மானம்' என்றே சொல்கிறோம். அவ்வளவுதானா?

இல்லை, மாணவர்களே! எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு உயிருள்ள திசு ஆகும். அதன் செல்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்குவது இவற்றின் வேலை. 1898-இல் கார்ல் பெண்டா இவற்றுக்குப் பெயரிட்டார். அப்பெயரிலுள்ள 'காண்ட்ரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மணி என்றும் குருத்தெலும்பு என்றும் பொருள் உண்டு!

அடுப்பு சரியாக எரியாவிட்டால் புகை சூழும் அல்லவா? முதுமையாலோ, அடிபட்டதாலோ மைட்டோகாண்டிரியா பழுதுபட்டால், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிப் பெருகும். இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அப்போது குருத்தெலும்பைப் பேண வேண்டிய செல்களே அதை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது மூட்டுத் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே, வலிக்கு அஞ்சிப் பாட்டி ஒரேயடியாக முடங்கிவிடக் கூடாது. மருத்துவர் சொல்லும் பயிற்சிகளை அவர் நாள்தோறும் செய்ய நீங்கள் துணை நில்லுங்கள்.