காடாம்புலியூர் மேடும் மணலுக்குள் போகும் குழாயும்

பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன பண்ருட்டி வட்டாரத்தில் இருக்கிறது காடாம்புலியூர். சென்னைக்குப் போகும் வீராணம் தண்ணீர் மோட்டார் தயவில்லாமல் ஓடத் தொடங்குவது இந்த மேட்டிலிருந்துதான்.

2004-ல் நடைமுறைக்கு வந்த புதிய வீராணம் திட்டத்தின் பாதை இது: சேத்தியாத்தோப்பில் எடுக்கும் வீராணம் ஏரி நீர் 20 கி.மீ. தள்ளியுள்ள வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றப்படுகிறது. சுத்தமான தண்ணீர் இன்னும் 8 கி.மீ. ஏறிக் காடாம்புலியூர் தொட்டிக்கு வருகிறது. பம்பு கொடுத்த அழுத்தம் இங்கே தணிந்து, போரூர் வரை சுமார் 200 கி.மீ. சரிவிலேயே ஓட்டம். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் போனால், குழாயின் விட்டத்தை வைத்துக் கணக்குப் போட, தண்ணீர் போரூர் சேர இரண்டு மூன்று நாளாகும்.

1960-களின் கடைசியில் திட்டமிட்ட பழைய வீராணம் பாதியில் நின்றது. அதற்காக வார்த்த கான்கிரீட் குழாய்கள் ஜி.எஸ்.டி. சாலையோரம் பல ஆண்டுகள் கிடந்தன; வீடில்லாதவர்கள் அவற்றில் குடித்தனம் நடத்தினார்கள். புதுத் திட்டம் எஃகுக்கு மாறியது. பெரிய குழாயின் விட்டம் 1,875 மி.மீ.; ஆறடி ஆள் குனியாமல் நிற்கலாம்.

எஃகுக் குழாய் வளைந்து கொடுக்கும். மேலே மண் பாரம் ஏறினால் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது இரு பக்கமும் கெட்டித்த மண்தான். குழாய்க்குப் பாதி பலம் பள்ளத்திலிருந்து வருகிறது.

ஏரிக்கரையிலும் ஆற்றுப்படுகையிலும் அந்தப் பள்ளமே சிக்கல். இந்தத் தடத்தில் கெடிலம், தென்பெண்ணை, பாலாறு என மணல் ஆறுகள் குறுக்கிடுகின்றன. காய்ந்த மணலில் வெட்டினால் கரை சரியும். ஊற்று மட்டத்துக்குக் கீழே போனால் அடியிலிருந்து தண்ணீர் பொங்கி மணலே இளகிவிடும். கால் வைத்தால் புதையும். பள்ளத்துக்குள் மோட்டார் போட்டு இறைத்தால் தண்ணீரோடு மணலும் வந்து கரை இன்னும் விழும். அதனால் வடிகட்டி வைத்த சிறு குழாய்களை இரு பக்கமும் வரிசையாக இறக்கி, வெட்டும் முன்பே ஊற்றைத் தாழ்த்துவார்கள். நெய்வேலிக்கு இது பழகிய வேலை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் அங்கே சுரங்கம் நடக்கும்.

குழாயை இறக்கிய பிறகும் நிம்மதி இல்லை. தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் 1,875 மி.மீ. வெற்றுக் குழாய் முழுகினால், ஒவ்வொரு மீட்டரையும் சுமார் இரண்டே முக்கால் டன் விசை மேலே தள்ளும். குழாயின் சொந்த எடை அதற்கு ஈடாகாது. மண் மூடும் முன் மழை பெய்தால் குழாய் மிதந்து ஜாயின்ட் விட்டுப்போகும்.

பாதாள சாக்கடையில் கண்டிப்பு இன்னும் கூடுதல். அது சரிவை நம்பி ஓடுவது. ஓரிடத்தில் குழாய் அமிழ்ந்தால் அங்கே கசடு தங்கிவிடும். ஜாயின்ட் கசிந்தால் சுற்றியுள்ள மணல் நிலத்தடி நீரோடு உள்ளே இழுபட்டுப் போகும். மேலே தார் ரோடு முழுசாகத் தெரியும்; அடியில் வெற்றிடம். ஒரு நாள் லாரிச் சக்கரம் உள்ளே இறங்கும்.

உங்கள் தெருவில் குழாய் பதிக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா? மூடும் முன் கசிவு பார்த்தார்களா? மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடித்தார்களா? பில்லில் பெரிய தொகை குழாய்க்கு இருக்கும். ஆயுளைத் தீர்மானிப்பது இந்த மூன்றுதான். மூடிய பிறகு எதையும் கண்ணால் பார்க்க முடியாது. கேட்பதானால் பள்ளம் திறந்திருக்கும்போதே கேளுங்கள்.