மாட்டுக் கொட்டகைக்கும் வரும் பறவைக் காய்ச்சல்

பறவைக் காய்ச்சல் கோழிகளுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் இனி உதவாது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ், கன்சாஸ் மாநிலக் கறவை மாடுகளிடம் எச்5என்1 கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. சிலாங்கூருக்கும் இக்கிருமி புதிதல்ல. 2007 ஜூனில் சுங்கை பூலோவில் கோழிகளைத் தாக்கியது.

கம்போங் குவாந்தான் வட்டாரத் தோட்டங்களில் மாடும் கோழியும் சேர்த்து வளர்ப்போர் கவனிக்க வேண்டியது பாலைத்தான். நோயுற்ற மாட்டின் மடியில் கிருமி பெருகிப் பாலில் வெளியாகிறது. கறப்பவரின் கை, கறவை இயந்திரம் வழியே அடுத்த மாட்டுக்குத் தொற்றுகிறது.

ஆகவே, பால் திடீரெனக் குறைந்து, சீம்பால் போல் தடித்து மஞ்சளானால் அந்த மாட்டைத் தனியே கட்டி, கடைசியாகக் கறக்க வேண்டும். கால்நடைச் சேவைத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தப் பாலைப் பூனைக்கு ஊற்றக்கூடாது. அமெரிக்கப் பண்ணைகளில் பச்சைப் பால் குடித்த பூனைகள் மடிந்தன. தீவனத் தொட்டியில் கோழிகளை விடக்கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும்; பச்சைப் பால் யாருக்கும் வேண்டாம்.