வயதானால் ரத்த அழுத்தம் கூடியே தீருமா?

பூன் லே பிளேஸ் உணவங்காடியில் மீ சூப் வாங்கினால், சூப்பையும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடுவீர்களா? இந்தக் கேள்விக்கும் தாத்தா பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரைக்கும் தொடர்பு உண்டு.

உங்கள் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 100,000 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனி ரப்பர் குழாயைப்போல் விரிந்து சுருங்குகிறது. அந்த மீள்தன்மையைத் தருவது எலாஸ்டின் என்னும் புரத இழை. உடல் அதைப் பெரும்பாலும் இளம் வயதிலேயே உருவாக்கிவிடுகிறது. பிறகு புதிதாகச் சேர்வது மிகக் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல இழைகள் தேய்கின்றன, தமனி விறைக்கிறது. விரிந்துகொடுக்காத குழாயில், இதயம் சுருங்கும்போது பதிவாகும் மேல் அளவு உயர்கிறது.

அப்படியானால் இதைத் தவிர்க்கவே முடியாதா? 1988இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் 10,000க்கும் அதிகமானோரைப் பரிசோதித்தது. அமேசான் காட்டில் உப்பு சேர்க்காமல் உண்டு, ஓடியாடி வாழும் யானோமாமி மக்களின் சராசரி அளவு ஏறக்குறைய 95/61. வயதோடு அது உயரவும் இல்லை.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 2022 கணக்குப்படி, 18 முதல் 74 வயதுவரை உள்ளோரில் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் உண்டு. நாம் உண்ணும் சோடியம் நாளுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்போ 2,000. சோடியம் உடலில் நீரைத் தேக்கி, ரத்தத்தின் அளவைக் கூட்டுகிறது. மீ சூப்பில் உப்பின் பெரும்பகுதி சூப்பில்தான் இருக்கிறது; அதைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டில் அளவுமானி இருக்கிறதா? பெரியவர்களை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து அளந்து பாருங்கள். 140/90 அல்லது அதற்குமேல் திரும்பத் திரும்பக் காட்டினால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும்.