போகும் வழியில் ஒரு விடுமுறை

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வகுப்பில் எழும் முதற்கேள்வி, "லீவுக்கு எங்கே போனாய்?" என்பதுதான். உதகை, கொடைக்கானல் என்று சிலர் மளமளவெனக் கூறுவர். மற்றவர்கள் பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வோம். "வேளாங்கண்ணிக்குப் போனோம்" என்று சொல்லவும் ஒரு தயக்கம். ஆண்டுதோறும் போகும் இடம்தானே, அதைச் சுற்றுலா என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அந்தத் தயக்கம் தேவையற்றது என்பதைச் சென்ற விடுமுறையில் நாங்கள் கண்டுகொண்டோம்.

ஏப்ரல், மே மாதங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் மலையேறுவதால் அங்கே அறை வாடகையும் ஏறிவிடுகிறது. நெரிசல் மிகவே, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்வோர் முன்னதாக இ-பாஸ் பெறவேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. குடும்பத்தின் கையிருப்பைக் கரைப்பவை பயணச் செலவும் தங்கும் செலவுமே. அவ்விரண்டையும் நம்மில் பலர் எப்படியும் வேளாங்கண்ணிக்காகச் செலவிடத்தான் செய்கிறோம். அதே பயணத்தில், போகும் வழியில் ஓர் ஊரில் அரைநாள் இறங்கிப் பார்த்தால் என்ன?

கடலூர்ப் பக்கத்திலிருந்து கடற்கரைச் சாலையில் செல்வோருக்குச் சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று வழி அமைகிறது. தரங்கம்பாடியைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துவிட்டுப் போவதே எங்கள் வழக்கம். இம்முறை மூன்று வீட்டார் சேர்ந்து, புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு, விடியற்காலைப் பேருந்தில் ஏறி அங்கே இறங்கினோம்.

புறப்படுமுன் ஒரு வேலை செய்தோம். பள்ளி நூலகத்தில் அவ்வூரைப் பற்றிப் படித்து, ஆளுக்கொரு கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். கேள்வியோடு போகிறவளுக்குக் கண் தானாகவே திறக்கிறது. இல்லாவிட்டால் கோட்டையும் ஒரு சுவர்தான்.

டான்ஸ்போர்க் என்னும் அந்தக் கோட்டையை, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று, டென்மார்க் நாட்டார் 1620-இல் கட்டத் தொடங்கினர். 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். கரையோரத்தில் 1306-இல் எழுந்த மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியை அலை அரித்துக் கொண்டுபோய்விட்டது. 2004-இன் ஆழிப்பேரலையைக் கண்ட பெரியவர்கள் அங்கே சற்றுநேரம் பேசாமல் நின்றார்கள்.

எங்களை நெடுநேரம் நிறுத்தியது வேறு ஒரு செய்தி. 1706-இல் இவ்வூருக்கு வந்த சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் முதன்முதல் அச்சேற்றியவர். (அவருக்கு முன்பே, 1578-இல், கொல்லத்தில் தமிழ் நூலை அச்சிட்டவர் நம் அண்டிரிக் அடிகளார் என்பதையும் எழுதும்படி சிஸ்டர் சொன்னார்கள்.) சீகன்பால்கு ஐயர் 1707-இல் இங்கே பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். "அந்தப் பிள்ளைகளை அம்மாமார் எப்படி அனுப்பினார்கள்?" என்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் தங்கை கேட்டாள். யாருக்கும் விடை தெரியவில்லை. அப்போது எங்கள் பாட்டி, "என்னை அஞ்சாவதோடு நிறுத்திட்டாங்க. பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்துச்சு," என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. காரைக்கால் தாண்டும்வரை அவர் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எங்கள் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். சோற்றுக் குண்டான், பாய், தலையணை என்று எல்லா மூட்டைகளையும் சுமந்துகொண்டு ஊர் சுற்றினோம். உச்சிவெயிலில் கடற்கரைக்குப் போய் மணல் சுட்டு ஓடிவந்தோம். கடலைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறியபின் கோட்டைக்குள் இருக்கும் காட்சியகத்துக்குப் போகலாம். அதன் வார விடுமுறை எந்நாள் என்பதை முன்பே கேட்டறிக. வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழா நாள்களில் அறை கிடைப்பது அரிது. சிக்கனமாகத் தங்க எண்ணுவோர் வேறு நாளில் போவது நல்லது. இரயிலில் செல்வோர்க்கு ஒரு சொல்: ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணமில்லை, ஆனால் முதியோருக்கு இருந்த சலுகை 2020-இல் நிறுத்தப்பட்டது. பாட்டிக்கும் முழுக் கட்டணம் எடுத்துவைக்க வேண்டும்.

வழக்கமான செலவுக்கு மேல் எங்களுக்கு ஆனது, ஒரே பயணத்தை இரண்டு சீட்டாக எடுத்ததில் வந்த சிறு வேறுபாடும், நுழைவுக் கட்டணமும், இளநீரும்தான்.

அடுத்த விடுமுறைக்குப் பாட்டியே வழி சொல்லியிருக்கிறார். வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சிக்கு, அடைக்கல மாதாவைக் காணப் போகிறோம். வழியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்குவோம். தமக்கும் ஒரு கேள்வி எழுதித் தரவேண்டும் என்றும், வீட்டுக்கு ஒரு பைதான் என்றும் இப்போதே சொல்லிவிட்டார்.