இரட்டைக் கார்டு விவாதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் உழைத்துச் சம்பாதிக்கும் வாலிபர்களுள் கணினி விளையாட்டில் பிரியமுள்ளவர்கள், புறநகர் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து பழைய கிராபிக்ஸ் கார்டுகளை விலை விசாரிக்கையில், ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டினால் வேகம் இரட்டிக்குமா என்ற ஆசையும், அதில் என்விடியாவின் முறை உசத்தியா, ஏ.எம்.டி.யின் முறை உசத்தியா என்ற பழைய வழக்கும் எழுவது இயல்பே.

இந்த யுக்தியை விளையாட்டுப் பிரியர்களிடையே முதலில் பிரபலமாக்கியது இவ்விரு ஸ்தாபனங்களுமல்ல. 1998-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, வூடூ-2 கார்டுகள் இரண்டைச் சேர்த்துத் திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கிட்டு வரையச் செய்தது. அதன் சொத்துக்களை வாங்கிய என்விடியா, 2004-ல் அந்த முறையின் எஸ்.எல்.ஐ. என்ற பெயரையே மீட்டெடுத்தது. மறு வருஷமே ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற தன் முறையுடன் போட்டிக்கு வந்து, 2006-ல் ஏ.எம்.டி.யின் வசமாயிற்று.

பெயர்கள் வேறாயினும் இரண்டின் அஸ்திவாரமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு படத்தை ஒரு கார்டு வரைய, அடுத்த படத்தை மற்றது வரையும். இரண்டும் ஒரே தகவல்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், நான்கு ஜி.பி. நினைவகமுள்ள இரு கார்டுகள் சேர்ந்தாலும் விளையாட்டுக்குக் கிடைப்பது நான்கேயன்றி எட்டல்ல. மேலும், ஒரே மேஜையில் மாறிமாறி வேலை செய்யும் இருவரில் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் சரக்கைத் தள்ளுவதுபோல, படங்கள் சீரற்ற இடைவெளியில் திரைக்கு வந்தால், கணக்கில் வேகம் உயர்ந்திருந்தும் கண்ணுக்குத் திக்கல் தோன்றும். 2013-ல் இந்த இடைவெளிகளை நுட்பமாக அளந்தபோது கிராஸ்ஃபயரின் குறை வெளிப்பட்டு, ஏ.எம்.டி. அதைத் திருத்தும் டிரைவரை வெளியிட நேர்ந்தது. ஆயினும், ஒரே வம்சத்தைச் சேர்ந்த வெவ்வேறு மாடல்களையும் இணைக்க இடங்கொடுத்த தாராளமும், அவ்வருஷமே ஆர்9 290எக்ஸ் கார்டில் இரு கார்டுகளையும் இணைக்கும் பாலத் துண்டையே அநாவசியமாக்கிய சாமர்த்தியமும் அதன் பக்ஷத்தில் சொல்லத் தக்கவை. சிக்கனத்துக்குக் கிராஸ்ஃபயர், சீரான ஓட்டத்துக்கு எஸ்.எல்.ஐ. என்பதே என் அபிப்பிராயம்.

உஷ்ணத்தை மட்டும் இருவருமே வெல்லவில்லை. 2014-ல் வந்த ஆர்9 295எக்ஸ்2, ஒரே பலகையில் இரண்டு சில்லுகளைத் தாங்கி 500 வாட் மின்சாரம் கோரியது. பகலெல்லாம் உருக்காலைச் சூட்டில் நின்றவர், கத்திரி வெயில் காலத்து இரவில் மின்விசிறி மட்டுமே உள்ள அறைக்குள் அத்தனை வெப்பத்தையும் வருவித்துக்கொள்வது தேகத்துக்கும் மின்கட்டணத்துக்கும் கேடு.

பிற்கால விளையாட்டுகள், ஒவ்வொரு படத்தையும் முந்தின படத்தின் விவரங்களைக் கொண்டே செப்பனிடத் தொடங்கியதும், மாறிமாறி வரையும் ஏற்பாடு தடுமாறியது. 2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 என்ற கிராபிக்ஸ் மென்பொருள் இடைமுகம் பங்கீட்டுப் பொறுப்பை விளையாட்டைப் படைப்பவரிடமே விட்டது. அதை ஏற்றவர் சிலரே. 2021 தொடக்கத்தோடு என்விடியா தன் டிரைவரில் விளையாட்டுகளுக்கான புதிய எஸ்.எல்.ஐ. அமைப்புகளைச் சேர்ப்பதை நிறுத்திற்று. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-ல் இணைப்பு முனையே இல்லை. ஆகையால், மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஜோடிக் கார்டுகளுக்குச் சம்பளப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதே தொகைக்குக் கிடைக்கும் நல்ல ஒற்றைக் கார்டையே வாங்குங்கள்.